தோப்பி

1

கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியதும் எங்கள் மாவட்டத்தில் மீன்பிடித் திருவிழா தொடங்கிவிடும். பொன்னமராவதிப் பக்கம் போனால் விடிவதற்கு முன்பே கரை நிறைய ஜனங்கள் நிற்பதைப் பார்க்கலாம். ஊர்ப் பெரியவர் துண்டை வீசிக் காட்டியதும் ஊத்தா, வலை, கூடை, சிலர் கையில் பழைய கொசுவலை, எல்லாம் ஒரே சமயத்தில் சேற்றில் இறங்கும். வெயில் ஏறுவதற்குள் கண்மாய் காலி. ஒரு முறை நான் போயிருந்தபோது கரையில் புளியமரத்தடியில் நாலைந்து பேர் சுள்ளி மூட்டி விரால் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அரசாங்கக் கடையில் வாங்கிய குவார்ட்டர் பாட்டில்கள். மீனைப் பிடித்தது அவர்கள். சுட்டது அவர்கள். உப்பும் மிளகாயும் தடவியது அவர்கள். பாட்டிலில் இருந்தது மட்டும் எங்கிருந்தோ லாரியில் வந்தது. அது எதிலிருந்து, எப்படி ஆனது என்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

இந்தக் காட்சியின் பழைய வடிவம் ஒன்று பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. புதுக்கோட்டைக்காரனுக்குத் தொண்டைமான் என்ற பெயர் காதில் விழுந்ததும் ஒரு சொந்தம் தோன்றிவிடுகிறது. 1686-லிருந்து 1948 வரை இங்கே ஆண்டவர்களுக்கும் அந்தப் பெயர்தான். பெயரைத் தவிர இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் நிரூபிக்கப்பட்டதில்லை. ஆகவே அந்தச் சொந்தத்தை நான் கொண்டாடப் போவதில்லை. என் அக்கறை வேறு. பாணன் காஞ்சிக்குப் போகும் வழியில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகிறது. அவர்கள் கோடையிலும் வற்றாத குளத்தில் மீன் பிடிக்கிறவர்கள். அவர்கள் வீட்டில் கிடைப்பது சுட்ட மீன். அதோடு குடிக்க, அந்த வீட்டிலேயே செய்த ஒரு பானம். அதை எப்படிச் செய்தார்கள் என்பதைப் புலவர் எட்டு அடிகளில் சொல்லிவிடுகிறார். தமிழில் எழுதப்பட்ட மிகப் பழைய செய்முறைக் குறிப்புகளில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் கல்லூரித் தமிழ் வகுப்பில் இதை 'வலைஞர் கள்ளுண்டு மகிழ்ந்தனர்' என்று ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டுப் போனார்கள்.

2

செய்முறை இதுதான். உமி மட்டும் நீங்கிய, தவிடு போகக் குற்றாத அரிசி. அதைக் களியாகக் கிண்டித் துழவிக் கூழாக்க வேண்டும். அகன்ற வாயுள்ள பிழாவில் கொட்டி நன்றாக ஆறவிட வேண்டும். பிறகு, புற்றுக்குள் இருக்கும் புற்றாஞ்சோற்றைப் போல மேற்புறம் உள்ள 'நல்லடை'யை அதில் சேர்த்துப் பிசைய வேண்டும். இரண்டு பகல், இரண்டு இரவு. வலுவான வாயுடைய சாடிக்குள் அது பச்சை வாடை போக விளைந்ததும், வெந்நீர் விட்டு விரலால் அலைத்துப் பிழிந்து அரித்தெடுக்க வேண்டும்.

இன்று மேல்நாட்டில் வீட்டில் பியர் செய்யத் தொடங்குகிறவனுக்குச் சொல்லித்தரப்படும் படிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முளைகட்டிய பார்லியை உலர்த்தி உடைத்து, சுமார் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைக்கிறான். தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. அது நேராகப் போதையாக மாறாது. முதலில் சர்க்கரையாக வேண்டும். முளை விடும்போது தானியம் தனக்காகவே உண்டாக்கிக்கொள்ளும் ஒரு பொருள் அந்த வேலையைச் செய்கிறது. 1833-ல் பிரான்ஸில் பாயன், பெர்ஸோ என்ற இருவர் அதை முளைத்த பார்லியிலிருந்து பிரித்தெடுத்து டயஸ்டேஸ் என்று பெயர் வைத்தார்கள். அடுத்து இனிப்பு நீரை வடித்துக் கொதிக்கவைத்து, உடனே ஆற்றுகிறான். ஆற்றாமல் ஈஸ்ட்டைப் போட்டால் சூட்டில் அது செத்துப்போகும். தொடக்கக்காரர்களில் பாதிப்பேர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்ளும் இடம் இது. உருத்திரங்கண்ணனார் ஆறவைக்கும் பாத்திரத்துக்கு அகன்ற வாயைக் கொடுத்திருப்பது அலங்காரம் இல்லை. வாய் அகன்றிருந்தால்தான் களி சீக்கிரம் ஆறும்.

ஈஸ்ட்டைப் பற்றி நம் புலவர் எதுவும் சொல்லவில்லை. 1516-ல் பவேரியாவில் பியருக்காகப் போட்ட புகழ்பெற்ற சட்டமும் சொல்லவில்லை. பார்லி, ஹாப்ஸ் பூ, தண்ணீர் மூன்றைத் தவிர வேறெதுவும் கூடாது என்றது அது. நான்காவதாக ஒன்று பானைக்குள் உயிரோடு இருந்தது அவர்களுக்குத் தெரியாது. பாஸ்டர் பியரைப் பற்றித் தன் நூலை வெளியிட்டது 1876-ல். அதற்கு முன் உலகமெங்கும் பானையின் சுவரிலும், முந்தின ஈட்டின் அடிவண்டலிலும், தானியத்தின் மேலும் ஒட்டியிருந்ததை நம்பித்தான் காரியம் நடந்தது.

இந்த அறிவு நம் வீடுகளிலிருந்து முழுக்கப் போய்விடவில்லை. இரவில் தண்ணீர் ஊற்றி வைத்த சோறு காலையில் புளித்திருக்கும், ஆனால் மயக்காது. அதில் முளை சேரவில்லை, மாவுச்சத்து சர்க்கரையாகவில்லை. கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிற பாட்டிக்கு, முளைகட்டாத மாவை விட இது நீர்க்க இருக்கும், இனிக்கும், சுலபமாக ஜீரணமாகும் என்று தெரியும். டயஸ்டேஸ் என்ற பெயர் மட்டும் தெரியாது. பழைய சோற்றுப் பானையையும் குழந்தைக் கஞ்சியையும் ஒன்றாகச் சேர்த்தால் வலைஞர் வீட்டுச் சாடி. இரண்டும் இன்றும் நம் அடுப்படியில் இருக்கின்றன. அவை சேர்வதற்குத்தான் வழியில்லை.

3

இதே பாட்டில் இன்னும் இரண்டு இடங்கள். எல்லைப்புற மறவர்கள் பகைவர் நாட்டிலிருந்து ஆநிரை கவர்ந்து வருகிறார்கள். அதை விலையாகக் கொடுத்து நறவு வாங்கிக் குடிக்கிறார்கள். பிறகு, வீட்டில் அட்ட கள்ளாகிய தோப்பியையும் குடிக்கிறார்கள். கடைச்சரக்கும் வீட்டுச்சரக்கும் அடுத்தடுத்த அடிகளில் வேறுவேறாக நிற்கின்றன. தோப்பி என்றால் நெல்லால் செய்த கள் என்று அகராதி சொல்கிறது. இரண்டாவது இடம் கடற்கரைப் பட்டினம். அங்கே கள் அடும் மகளிர் பாத்திரங்களைக் கழுவிக் கொட்டிய நீர் வழிந்து சேறாகி, அந்தச் சேற்றில் பன்றிக் குட்டிகள் புரளுகின்றன. நான் படித்த பி.ஏ. இங்கிலீஷில் ஸ்கெல்ட்டன் என்ற பதினாறாம் நூற்றாண்டு ஆரம்பக் கவிஞர் ஓரமாக வந்துபோவார். அவர் எலினார் ரம்மிங் என்ற சாராயக்காரியைப் பற்றி ஒரு நீண்ட கேலிப் பாட்டு எழுதியிருக்கிறார். அவள் ஊறல் தொட்டிக்கு மேலே கோழிகள் அடைந்து எச்சமிடுகின்றன. ஸ்கெல்ட்டனுக்கு அவள் அசிங்கம். அருவருப்பைக் கிளறிச் சிரிக்கவைப்பதுதான் நோக்கம். உருத்திரங்கண்ணனாரின் பெண்கள் பாத்திரம் கழுவுகிறார்கள். அவர் மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. வீட்டில் பியர் செய்கிறவனுக்கு முதல் பாடம் சுத்தம் என்று எந்தக் கையேட்டிலும் போட்டிருக்கும். அந்தப் பாடத்தைச் சேற்றில் விளையாடும் பன்றிக்குட்டி வழியாகச் சொல்லிவிட்டுப் போகிறார் நம் கவிஞர்.

இரண்டு இடத்திலும் வினை 'அடு'. அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பு, அடுக்களை எல்லாம் அங்கிருந்து வந்தவை. பனங்கள்ளையும் தென்னங்கள்ளையும் யாரும் அடுவதில்லை. கள்ளை இறக்குகிறோம். சாராயத்தைக் காய்ச்சுகிறோம். அடும் கள் தானியக் கள்ளாகத்தான் இருக்க முடியும். 'கள்' என்று எங்கே பார்த்தாலும் பனைமரத்தை நினைத்துக்கொள்ளும் நம் பழக்கம் பிற்காலத்தியது. இந்தப் பழக்கத்தோடு படிப்பதால்தான் அடுப்படியில் நின்றிருந்த பெண் பாட்டிலிருந்து காணாமல் போகிறாள்.

பெயர்களையும் கவனிக்க வேண்டும். பிழி: பிழிந்தது. அரியல்: அரித்து எடுத்தது. தேறல்: தெளிந்தது. எல்லாம் செய்கையிலிருந்து பிறந்த பெயர்கள். கை என்ன செய்ததோ, பொருளுக்கு என்ன நேர்ந்ததோ, அதுவே பெயர். இன்றைய பெயர்கள்: சரக்கு, குவார்ட்டர், கட்டிங். எல்லாம் விற்பனையிலிருந்து பிறந்தவை. முதலாவது, கடைப் பண்டம் என்கிறது. மற்ற இரண்டும் அளவைச் சொல்கின்றன. உள்ளே இருப்பது அரிசியா, கரும்புச் சக்கையா, கழிவுப்பாகா என்று ஒரு சொல்லும் வாய் திறப்பதில்லை. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் நிகழ்ந்தது குடிப்பழக்கம் பெருகியதோ குறைந்ததோ இல்லை. அது வேறு கணக்கு. செய்கிறவன் வாங்குகிறவன் ஆனான். அந்த மாற்றம் மொழியில் இப்படிப் பதிவாகியிருக்கிறது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

4

இந்த மாற்றம் எப்போது முடிந்தது என்று கேட்டால், அரசாங்கத்தின் கணக்குப் புத்தகங்களில்தான் விடை இருக்கிறது. 1886-ஆம் ஆண்டு மதறாஸ் அப்காரிச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் மது செய்வது குற்றம், உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும், கள் இறக்கும் மரத்துக்கு வரி. சட்டத்தின் குறிக்கோள் ஒழுக்கம் இல்லை, வரவு. வீட்டில் ஒருத்தி ஊறவைக்கும் பானை அந்த வரவில் ஓட்டை. ஏறக்குறைய அதே காலத்தில், 1880-ல், இங்கிலாந்திலும் கிளாட்ஸ்டன் வீட்டு பியருக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் செய்தார். அங்கே 1963-ல் அதை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டு பியருக்கு வரியை விலக்கியது. இன்று வீட்டில் பியர் செய்வது அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இந்தியாவுக்குள்ளேயே வங்காளத்தில் 'பச்வாய்' என்ற அரிசிக் கள்ளைத் தங்கள் உபயோகத்துக்கு வடித்துக்கொள்ளப் பழங்குடியினர் சிலருக்கு ஆங்கில அரசே விலக்குக் கொடுத்திருந்தது. சோட்டா நாகபுரியில் ஹண்டியா இன்றும் வீட்டில் ஊறுகிறது. சந்தையில் பெண்கள் உட்கார்ந்து விற்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இரண்டாவது அடி வேறு திசையிலிருந்து வந்தது. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அரசாங்கம் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அதற்கு முன்பே திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையை அவர் நடத்தினார். கல்கி அதில் வேலை பார்த்தார். சிறுபத்திரிகைக்காரர்களான நாம் மறக்கக்கூடாத ஒரு முன்னோடி. 1948 மார்ச் 3-ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. 1971-ல் தளர்த்தினார்கள். 1974-க்குள் மறுபடி மூடினார்கள். 1981-ல் திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக். 1987-ல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003-ல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. 2023–24-ல் இதிலிருந்து அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

இத்தனை திறப்பிலும் மூடலிலும் ஒன்று மட்டும் மாறவேயில்லை. வீட்டுப் பானைக்கு எந்த ஆட்சியிலும் அனுமதி கிடையாது. 1886-ன் வரவுசெலவும் 1937-ன் அறமும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஆனால் இந்த ஒரு புள்ளியில் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. அறம் பின்னால் விலகிக்கொண்டது, வரவு நின்றது. பானைமீது போட்ட தடையும் நின்றது. மாவட்டச் செய்திகளில் 'ஊறல் அழிப்பு' என்று அடிக்கடி வரும். ஊறல் என்ற நல்ல தமிழ்ச் சொல்லுக்கு இன்று காவல் நிலையத்தில்தான் புழக்கம்.

5

இதைப் படிக்கிறவர்கள், குடியை இலக்கியத்தின் பேரால் நான் நியாயப்படுத்துகிறேன் என்று நினைக்கலாம். அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. சித்தன்னவாசலில் கல்லில் படுக்கை வெட்டிக்கொண்டு உட்கார்ந்த சமணர்களும் இந்த மாவட்டத்து மனிதர்கள்தான். குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. புறநானூற்றில் அரசன் வீரனுக்குக் கொடுக்கும் கள், சாகப்போகிறவனுக்குக் கொடுக்கும் கூலி என்பதையும் மறக்கக்கூடாது. வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு, எந்தத் தாலிக்கொடி எதற்காக வருகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மதுவிலக்கு வேண்டும் என்று தெருவில் இறங்குகிற பெண்ணோடு எனக்கு வாதமில்லை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதையும் இங்கே நேராகப் பார்க்க வேண்டும். அவர்களைக் கொன்றது மெத்தனால். அது ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படுவது. அரிசியை முளையோடு இரண்டு நாள் ஊறவைத்தால் அந்த அளவில் அது உண்டாகாது. கள்ளச்சாராயமும் ஒரு கடைச்சரக்குதான். குடித்தவர்களில் ஒருவருக்கும் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது. தங்கள் கையால் செய்யாத, செய்கிறவனின் முகம் தெரியாத ஒன்றைக் குடித்தார்கள். கண்மாய்க்கரைப் பாட்டிலுக்கும் இந்தப் பாக்கெட்டுக்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம். அறியாமையில் அவ்வளவாக இல்லை.

தோப்பிக்கு ஒரு வாரிசு உயிரோடு இருக்கிறது: வடசென்னையின் சுண்டக்கஞ்சி. சோற்றையோ கஞ்சியையோ பானையில் சில நாள் புளிக்கவைத்து எடுப்பது. காசிமேட்டில் மீன்பிடிக்கிறவர்களின் பானம். துணைக்கு மீன்தான். குளத்து வலைஞர் கடலுக்குப் போய்விட்டார்கள் என்று நான் கதை கட்டவில்லை. ஒரு பழக்கம் மீனோடு ஒட்டிக்கொண்டு தப்பியிருக்கிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும். சினிமாவில் இந்தச் சொல் சிரிப்புக்கு ஆகிறது. ஸ்கெல்ட்டன் எலினாரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. பெரும்பாணாற்றுப்படையைச் செம்மொழி என்று மேடையில் போற்றுகிறவர்கள் சுண்டக்கஞ்சியின் பக்கத்தில் அதை வைக்கத் துணியமாட்டார்கள். இரண்டும் ஒரே அடுப்பு என்று ஒப்புக்கொள்ள நேரும்.

6

கடைசியாக, தீராத ஒரு சந்தேகம். அந்த 'நல்லடை' என்பது என்ன? உ. வே. சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். உரை அதை முளை என்கிறது. ஒப்புக்கொள்ளலாம். முளைத்த நெல்லின் வேர்கள் பின்னிக் கட்டியாகிவிட்டால் பார்வைக்குப் புற்றாஞ்சோறு மாதிரிதான் இருக்கும். ஆனால் 'அடை' என்ற சொல் என்னை உறுத்துகிறது. ஹண்டியா போடுகிறவர்கள் முளை சேர்ப்பதில்லை. அரிசிமாவையும் வேர், இலைகளையும் சேர்த்து உருட்டிக் காயவைத்த ஒரு வில்லையைப் பொடித்துத் தூவுகிறார்கள். அதன்மேல் பூஞ்சை படர்ந்திருக்கும். அந்தப் பூஞ்சையே மாவைச் சர்க்கரையாக்கிவிடும். புற்றாஞ்சோறும் உண்மையில் கறையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம்தான். மேலே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. உருத்திரங்கண்ணனார் கண்ணால் பார்த்த உவமை எதன் மேலே உட்காருகிறது? வேர் பின்னிய முளை மேலா, பூஞ்சை பூத்த வில்லை மேலா? முதலாவதென்றால் தோப்பி பார்லி பியருக்கு உறவு. இரண்டாவதென்றால் சோட்டா நாகபுரிக்கும் இமயமலைச் சாங்குக்கும் அதற்கப்பால் சீனத்துக்கும் உறவு. ஒரு சொல்லின் உரையில் இவ்வளவு பெரிய பூகோளம் தொங்குகிறது.

நச்சினார்க்கினியர் பதினான்காம் நூற்றாண்டுக்காரர். அவர் சாடிக்குள் எட்டிப் பார்த்தவரா, கேட்டு எழுதினவரா என்று இப்போது விசாரிக்க முடியாது. அகராதி உரையாசிரியரிடம் கேட்டு எழுதும். பேராசிரியர் அகராதியிடம் கேட்டு எழுதுவார். ஓலை, அச்சு, பாடபேதம் எல்லாவற்றையும் புரட்டியாயிற்று. மிச்சமிருக்கிற ஒரே வழி, கைக்குத்தல் அரிசி ஒரு படியைக் களியாகக் கிண்டி ஆறவைத்து, ஒரு சாடியில் முளையும் மற்றொன்றில் வில்லையும் போட்டு, இரண்டு பகல் இரண்டு இரவு காத்திருப்பதுதான். எந்தச் சாடி பச்சை வாடை போய் விளைகிறதோ அது உரை சொல்லும்.

அதற்கு உரிமம் வேண்டும். பத்துப்பாட்டில் ஒரு சொல்லுக்குப் பொருள் காண வேண்டியிருக்கிறது என்று விண்ணப்பித்தால் எந்த அதிகாரி கொடுப்பார்?